‘நீர்த்தாவரங்கள்: இல்லை’ என்று நான் எழுதிய குளம்

குளம் திருத்தும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

நீங்கள் கேட்டுக்கொண்டபடி எழுதுகிறேன். மட்டம் பார்ப்பது, மண்ணின் கனவளவைக் கணக்கிடுவது, கட்டுக்குச் சரிவு கொடுப்பது எல்லாம் இதில் வராது. அவற்றை நீங்கள் என்னைவிட நன்றாகச் செய்கிறீர்கள். நான் சங்கிலி பிடித்து மூன்று நாள் அளந்த குளத்தை நீங்கள் ட்ரோன் ஒன்றைப் பறக்கவிட்டுத் தேநீர் ஆறுவதற்குள் அளந்து முடிக்கிறீர்கள். எனக்கு அதில் பொறாமை உண்டு.

என்னிடம் இருப்பவை கொப்பிகள். அரசாங்கத்தின் குளப் பிரிவில் சேவைக்கு வந்த முதல் நாளிலிருந்து ஓய்வுபெற்ற நாள்வரை, நாளுக்கு ஒரு பக்கமாக எழுதி வந்தேன். எந்தக் குளம், என்ன வேலை, மழை பெய்ததா, யார் வந்தார், என்ன சொன்னார், எத்தனை மணிக்குச் சொன்னார். “சேர் தும்மினாலும் திகதி போட்டுத்தான் தும்முவார்” என்று கந்தோரில் கூட வேலை செய்தவர்கள் பகிடி பண்ணுவார்கள். அந்தக் கொப்பிகளில் ஒன்றில் நான் செய்த மிகப் பெரிய பிழை இருக்கிறது. அந்தப் பிழையிலிருந்து வெளியே வந்த வழியும் அதே கொப்பியில்தான் இருந்தது. அதைச் சொல்கிறேன்.

எனக்கு ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. கரவெட்டிப் பக்கத்தில் மருதடிக் குளம் என்று ஒரு சின்னக் குளம். எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு கிடையாது. மாரி மூன்று மாதம் விழுகிற மழையைப் பிடித்து நிலத்துக்குள் இறக்குவதற்குக் குளத்தை விட்டால் வேறு ஆள் இல்லை. மருதடிக் குளம் தூர்ந்து தட்டுப்போல ஆகிவிட்டது, மூன்றடி தோண்ட வேண்டும் என்று திட்டம் வந்தது. நான் ஆடி மாதம் போய்ப் பார்வையிட்டேன். குளம் வற்றி, தரை வெடித்துக் கிடந்தது. படிவத்தை நிரப்பினேன். ‘நீர்த்தாவரங்கள்’ என்ற நிரலில் ‘இல்லை’ என்று எழுதினேன்.

அந்த நிரலை நீங்களும் நிரப்புகிறீர்கள். கோடையில்தான் குளத்துக்குள் இறங்கி அளக்கலாம், ஆகவே கோடையில்தான் படிவமும் நிரப்பப்படும். வற்றிய தரையில் நின்றுகொண்டு நீர்த்தாவரம் இருக்கிறதா என்று பார்த்தால் வேறு என்ன எழுதுவது? இத்தனைக்கும் நான் குளத்துப் பூக்களைப் பற்றிப் பழைய நூல்களில் வருகிற இடங்களையெல்லாம் ஒரு தனிக் கொப்பியில் பிரதிபண்ணி வைத்திருந்தவன். ஆம்பலுக்கும் குவளைக்கும் வித்தியாசம் என்ன என்று யாரும் கேட்டால் அரை மணித்தியாலம் கதைப்பேன். மருதடிக் குளத்தை மட்டும் மாரியில் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை.

அந்த ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்குத் தலைவி பாக்கியக்கா. ஐம்பது வயது கடந்தவர், நாலு மாடும் குளத்துக்குப் பக்கத்தில் ஆறு பரப்பு வயலும் வைத்திருந்தார். குளத்தைத் தோண்டினால் அடிப்பொத்து என்கிற களித்தரை உடைந்து தண்ணீர் நிற்காது என்று ஊரில் பாதிப்பேர் பயந்தபோது, வீடு வீடாய்ப் போய்ச் சம்மதம் வாங்கியவர் அவர்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்குமுன் பேனையைக் கையில் பிடித்தபடி என்னிடம் ஒன்று கேட்டார்.

“ஐயா, மாரியிலை எங்கடை குளத்திலை கொட்டிச்செடி பூக்கும். மாடுகள் வயிறுவரைக்கும் இறங்கி நிண்டு தின்னுங்கள். அது கிடக்கிற பக்கம் தண்ணி கண்ணாடிமாதிரி இருக்கும். அது போகாதே?”

“போகாது அக்கா” என்றேன். யோசிக்கவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஆவணியில் நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு, மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் வந்தது. அதை ஓட்டியவர் மதவாச்சிப் பக்கத்துச் சிங்களவர். வன்னியில் பல வருடம் குளவேலை செய்து தமிழ் பழகியவர். அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. பின்னொருநாள் வேலை நேரத்தில் என்னோடு போனில் கதைத்தது முதலாளிக்குத் தெரியவந்துவிடும் என்று அவரே கேட்டுக்கொண்டார். ஒன்பதாம் நாள் காலை, மேற்குக் கரையில் தோண்டிக்கொண்டிருந்தவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

“சேர், ஒரு தரம் வந்து பாருங்க.”

வாளியில் கறுத்தக் களிமண். மண் நிறைய, மயிர்போல வேர் சுற்றிய உருண்டைகள். சில பாக்களவு, சில எலுமிச்சங்காயளவு.

“எங்க ஊர்ல இதுக்கு கெக்கட்டிய எண்டு சொல்றது. தண்டு கறி வைக்கிறது. நல்ல ருசி. இங்க என்ன பேர்?”

“கொட்டிக்கிழங்கு.”

“ஆ, கொட்டி. சேர், இது இப்ப நித்திரை. மழை வந்தா எழும்பும். இந்தக் கரையில கொஞ்சம் விடுவமா? எல்லாம் அள்ளினா பிறகு ஒண்டும் வராது.”

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு வானத்தைப் பார்த்தேன். இயந்திரம் வெள்ளிக்கிழமை வேறிடம் போகவேண்டும். தெற்கே மழைக் கருக்கல் கட்டியிருந்தது. மூன்றடி என்று வரைந்த இடத்தில் ஒரு துண்டை விட்டால், அளக்க வருகிறவர் ஏன் என்று கேட்பார், நான் எழுத்தில் பதில் சொல்லவேண்டும்.

“பிளானிலை இல்லை” என்றேன்.

“பிளான்ல இல்லைதான் சேர். மண்ணில இருக்கு.” சிரித்துக்கொண்டு ஏறிப்போய் வாளியை இறக்கினார்.

அன்றைய பக்கத்தில் நான் எழுதியது இது: ‘ஒன்பதாம் நாள். மேற்குக் கரை. ஓட்டுநர் வேலையை நிறுத்திக் கிழங்கு காட்டினார். பதினைந்து நிமிடம் வீண்.’

குளத்து மண்ணைத் தோட்டக்காரர் விரும்பி வாங்குவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கெங்கிருந்தோ ட்ரக்டர் கொண்டுவந்து ஏற்றிப் போனார்கள். ஒவ்வொரு லோட்டும் எந்த நாள், எந்தக் கரையிலிருந்து, எந்த ஊருக்கு என்று எழுதிவைத்தேன். யாரும் கேட்டு எழுதவில்லை, என் பழக்கம். பத்தாம் நாள் மத்தியானம் உரும்பிராயிலிருந்து ஒரு போன். தருமலிங்கம் என்று ஒரு வெங்காயத் தோட்டக்காரர்.

“என்ன ஐயா, மண் எண்டு சொல்லி மரக்கறிக் கடையை அனுப்பியிருக்கிறியள்? முழுக்கக் கிழங்கு! என்ரை பாத்தியிலை இது முளைச்சால் நீங்கள் வந்து பிடுங்குவியளே?”

அதோடு விடவில்லை. எழுத்திலும் முறைப்பாடு அனுப்பினார். நான் என் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். ‘இல்லை’ என்று இருந்தது. அதையே ஆதாரமாக வைத்து, ‘குளத்தில் நீர்த்தாவரங்கள் இல்லை; முறைப்பாடு ஆதாரமற்றது’ என்று கடிதம் எழுதி, கையெழுத்து வைத்து, முத்திரையும் குத்தி அனுப்பினேன். நான் எழுதிய சொல்லை நானே சாட்சிக்குக் கூப்பிட்டேன். ஓட்டுநர் ஒன்பதாம் நாள் வாளியில் காட்டிய கிழங்கு எனக்கு நினைவிலேயே வரவில்லை.

ஐப்பசி பிறந்தது. நல்ல மழை. அடிப்பொத்து உடையவில்லை, குளம் விளிம்புவரை நிறைந்தது. படம் எடுத்தோம். மேலதிகாரி முதுகில் தட்டினார். ஆனால் கார்த்திகை முடியும்வரை அந்தத் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் நின்றது. மார்கழியில் பச்சையாகியது. மண்ணைப் பிடித்துவைக்க ஒரு வேரும் இல்லை. பாசிக்குப் போட்டியாக நின்று அதன் சாப்பாட்டைப் பறிக்க ஒரு செடியும் இல்லை. மேற்குக் கரையில் ஒரு கொட்டி இலைகூட மிதக்கவில்லை. பாக்கியக்காவின் மாடுகள் தண்ணீரை மணந்துபார்த்துவிட்டுத் திரும்பி நடந்தன.

ஊரில் ஓய்வுபெற்ற கணித மாஸ்ரர் ஒருவர் இருந்தார். கெட்டிக்காரர், ஊரில் மதிப்பு உள்ளவர். அவர் போனில் ஏதோ பார்த்துவிட்டு ஒரு யோசனை சொன்னார்: ஆகாயத்தாமரை ஒரு சாக்கு கொண்டுவந்து எறிந்தால் தண்ணீர் தெளியும். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. ஆனால் வேறொரு குளத்தில் அது பாய் விரித்தமாதிரி மூடி, மாடு இறங்க இடமில்லாமல் போய், இரண்டு வருடம் ஆட்களை விட்டுப் பிடுங்கிய பக்கங்கள் என் கொப்பியில் இருந்தன. அது எங்கள் நாட்டுச் செடியும் இல்லை. ஒருமுறை இறங்கினால் குளத்தை விட்டுப் போகாது.

தை மாதக் கடைசி ஞாயிறு கூட்டம் என்று முடிவானது. பாக்கியக்கா போன் எடுத்தார். குரல் உயரவில்லை.

“ஐயா, போகாதெண்டு நீங்கள் சொன்னனியள். உங்கடை வாயை நம்பித்தான் நான் ஊருக்கு என்ரை வாயைக் குடுத்தனான். ஞாயிறு அண்டைக்கு ஆகாயத்தாமரை போடுறதெண்டு தீர்மானம். என்னையும் இறக்கிப்போடுவினம். இறக்கினால் பறவாயில்லை. ஆனால் உந்தக் குளக்கரையாலை நான் தினமும் நடந்து போகவேணும்.”

அன்றிரவு நித்திரை வரவில்லை என்று எழுதினால் பொய். நன்றாகத்தான் நித்திரை கொண்டேன். விடிய எழும்பி அந்த ஆவணிக் கொப்பியை முதலிலிருந்து வாசித்தேன். ஒன்பதாம் நாள், ‘கிழங்கு காட்டினார்.’ பக்கத்தைத் திருப்பினேன். பத்தாம் நாள், ‘உரும்பிராய் முறைப்பாடு. முழுக்கக் கிழங்கு என்கிறார்.’ லோட் பட்டியலைப் பார்த்தேன். மேற்குக் கரை மண் இரண்டு லோட், உரும்பிராய், தருமலிங்கம். மற்றவர்களுக்குப் போனதெல்லாம் கிழக்கும் நடுவும்.

மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

தருமலிங்கத்தார் வெங்காயத்துக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றார். நான் யார் என்று சொன்னதும் மண்வெட்டியை நிலத்தில் ஊன்றி அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

“ஆதாரமற்றவரைப் பார்க்க ஆதாரம் உள்ளவர் வந்திருக்கிறார். சொல்லும்.”

“அந்த மண்ணை என்ன செய்தனீங்கள், அண்ணை?”

“ஏன், அதையும் திருப்பித் தரவேணுமோ? பாத்தியிலை போடேல்லை. கொண்டுபோய்க் கிடங்கிலை கொட்டினன். வாரும் காட்டுறன்.”

காணியின் பின்பக்கம் பழைய கல்லுக்கிடங்கு இரண்டு இருந்தன. வீடு கட்டச் சுண்ணாம்புக் கல் வெட்டி எடுத்த பள்ளங்கள். மாரியில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். முதலாவதில் தண்ணீர் பச்சையாகக் கிடந்தது. இரண்டாவதின் ஓரத்தில் குனிந்து பார்த்தேன். கையளவு நீளமான இலைகள் தண்ணீரின்மேல் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. அவற்றுக்கு நடுவில் விரல் நீளத்துக்கு நிமிர்ந்து நின்ற கதிர்கள், ஒவ்வொன்றிலும் வெளிர் ஊதா நிறத்தில் பொடிப் பூக்கள், பூக்களுக்கு மேல் தேனீ. இலைகளுக்கு இடையால் பார்த்தால் அடியிலுள்ள கல்லில், வெட்டிய அலவாங்கின் தழும்புகள் தெரிந்தன.

“எவ்வளவு வடிவாய் இருக்கு” என்றேன்.

“வடிவுதான். முறைப்பாட்டிலை நான் அதை எழுதேல்லை.”

கிழங்கு வேண்டும் என்று கேட்டேன். அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். காசு கேட்கவில்லை. உள்ளே போய் என்னுடைய பழைய கடிதத்தை எடுத்துவந்தார்.

“உதை என்ரை மருமேன் வாசிச்சிட்டு, மாமா பொய் முறைப்பாடு குடுத்திட்டார் எண்டு வீடெல்லாம் சொன்னவன். நான் பொய் சொல்லேல்லை. நான் சொன்னது சரியெண்டு இதே மாதிரிக் கடுதாசியிலை, இதே முத்திரையோடை எழுதித் தாரும். பிறகு கிடங்கையே எடுத்துக்கொண்டு போம்.”

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அப்போது குளத்து வேலை பற்றிக் கந்தோரில் கேள்விகள் தொடங்கியிருந்தன. ‘என் படிவம் பிழை’ என்று முத்திரையோடு ஒரு கடிதம் வெளியே போனால், ஓய்வுக்கு ஒன்றரை வருடம் இருக்கிற எனக்கு அது நல்லதில்லை. வாய்ச்சொல்லாக மன்னிப்புக் கேட்டுப் பார்க்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. பத்து விநாடிக்கு மேல் அது நிற்கவில்லை. எழுத்தில் செய்த பிழையை வாயால் எப்படித் திருத்துவது? கந்தோருக்குப் போனேன், எழுதினேன், முத்திரை குத்தினேன், மேலதிகாரிக்கு ஒரு பிரதி வைத்தேன், பின்னேரம் கொண்டுவந்து கொடுத்தேன். தருமலிங்கத்தார் இரண்டு தரம் வாசித்தார்.

“இப்ப சரி. இருங்கோ ஐயா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்.” காலையில் ‘வாரும்’ என்றவர் இப்போது மரியாதையாக ‘இருங்கோ’ என்றார்.

பாக்கியக்காவுக்குச் சொன்னதும் அவர் துள்ளினார். “ஞாயிறு பூவோடை நாலைஞ்சு செடி பிடுங்கிக்கொண்டு வாங்கோ. குளத்திலை வைச்சுக் காட்டினால் சனம் அடங்கும்.” எனக்கும் அதே ஆசைதான். ஆனால் இந்தமுறை பிடுங்குமுன் மதவாச்சிக்குப் போன் எடுத்தேன்.

“வேணாம் சேர்” என்றார் ஓட்டுநர். “பூவோட இழுத்தா கிழங்கு அறும். உங்க குளத்தில இப்ப சேறும் இல்ல, வேர் பிடிக்காது. ஒரு கிழமை காட்டலாம், பிறகு எல்லாரும் செத்ததைப் பார்ப்பாங்க. தண்ணி வத்தட்டும். கிழங்கு நித்திரைக்குப் போகட்டும். ஆவணியில தூக்கினா அதுக்குத் தெரியாது.”

கொப்பியில் எழுதினேன்: ‘ஓட்டுநரோடு போனில் பதினைந்து நிமிடம்.’ இந்தமுறை ‘வீண்’ என்று எழுதவில்லை.

ஞாயிறு கூட்டத்துக்குப் பூ இல்லாமல் போனேன். கொண்டுபோனவை மூன்று போத்தல்கள். மேசையில் இரண்டை வைத்தேன். ஒன்றில் குளத்துத் தண்ணீர், பச்சை. மற்றதில் கொட்டி நிற்கிற கிடங்குத் தண்ணீர். பிறகு எழும்பி, படிவத்தில் நான் எழுதியதையும், ஓட்டுநர் சொன்னதை நான் கேளாததையும், தருமலிங்கத்தாருக்கு எழுதிய இரண்டு கடிதங்களையும் திகதியோடு வாசித்தேன். பாக்கியக்காவில் குற்றம் இல்லை, நான்தான் அவருக்குப் போகாது என்று சொன்னவன் என்றேன்.

மாஸ்ரர் கதிரையில் சாய்ந்திருந்தபடி கேட்டார்:

“ஐசே, நேர்மையாய்க் கதைக்கிறீர், சந்தோசம். ஆனால் கல்லுக்கிடங்கிலை தண்ணி தெளியாமல் வேறை என்ன செய்யும்? சேறு எங்கை இருக்கு கலங்க? உது கல்லின்ரை வேலை. கொட்டியின்ரை வேலை எண்டு எப்பிடி நிறுவுவீர்?”

சனம் சிரித்தது. நான் பையிலிருந்து மூன்றாவது போத்தலை எடுத்து நடுவில் வைத்தேன். அதுவும் பச்சை.

“இது பக்கத்துக் கிடங்கு, மாஸ்ரர். அதே கல், அதே மழை, அதே நாள், பத்து நிமிட இடைவெளியிலை எடுத்தது. அதிலை கொட்டி இல்லை.”

மாஸ்ரர் மூன்று போத்தலையும் மாறி மாறிப் பார்த்தார். கணித மனிதர் அல்லவா. “ம்” என்றார். “ஒரு மாரி தருவம். வரேல்லை எண்டால் ஆகாயத்தாமரை. தலைவியும் மாறவேணும்.”

“ஓம். எழுதுங்கோ, நான் கையெழுத்து வைக்கிறன்” என்றார் பாக்கியக்கா.

அந்தக் கோடை எனக்கு நீண்ட கோடை. ஆவணியில் கிடங்கு வற்றியது. இலை ஒன்றும் இல்லை, வெடித்த சேறு மட்டும். என் பழைய கண்ணுக்கு ‘இல்லை’ என்று எழுதக்கூடிய தரை. ஓட்டுநர் லீவு போட்டு பஸ் ஏறி வந்திருந்தார். ஒரு சாண் ஆழத்தில் கிழங்குகள் முழுசாகக் கிடந்தன. ஒன்பது உரப்பை நிரம்பியதும் அவர் என் கையைப் பிடித்தார்.

“போதும் சேர். மூண்டில ஒரு பங்கு இங்கயே கிடக்கட்டும். எல்லாத்தையும் ஒரு இடத்துக்குக் கொண்டுபோறது ஒரு தரம் செய்தாச்சு.”

தருமலிங்கத்தார் கிழங்கோடு கறுத்த சேறு ஒரு லோட்டும் ஏற்றிவிட்டார். “உங்கடை மண்தான். கொண்டுபோங்கோ.” மருதடிக் குளத்தின் மேற்குக் கரையில் அந்தச் சேற்றை ஓரடி உயரத்துக்குப் பரப்பி, ஊரார் சேர்ந்து கிழங்கை ஊன்றினோம். மாடு மிதிக்காமல் பனைமட்டையால் வேலி. மாஸ்ரர் குளக்கட்டில் கதிரை போட்டு இருந்துகொண்டு வரிசை நேராக இல்லை என்று சத்தம் போட்டார்.

ஐப்பசியின் முதல் பெருமழை எங்களைச் சோதித்தது. வாய்க்கால் வாயால் செம்மண் தண்ணீர் இரைந்துகொண்டு நேரே மேற்குக் கரைக்குப் பாயத் தொடங்கியது. அரை மணித்தியாலம் விட்டால் சேறும் கிழங்கும் நடுக்குளத்துக்குப் போய்விடும். வாயில் பலகை போட்டு அடைத்தால் தண்ணீர் பக்கத்து வயலுக்குள் ஏறும். விதைத்து இரண்டு கிழமை ஆன நெல். முதலில் தாழப்போவது பாக்கியக்காவின் ஆறு பரப்பு. குடை பறந்துபோன நிலையில் அவரைப் பார்த்தேன்.

“என்னை ஏன் பாக்கிறியள்? பலகையைப் போடுங்கோ!”

“எவ்வளவு நேரம் நெல்லுத் தாங்கும்?”

“நாளை மத்தியானம் வரைக்கும்.”

போட்டோம். அன்று பகலும் இரவும் குளத்துக்குள் நேராக விழுந்த மழையும் மற்றக் கரைகளால் வழிந்த தண்ணீரும் மெதுவாக ஏறிக் கிழங்குப் படுக்கையை இரண்டு சாண் மூடியது. மறுநாள் பதினொரு மணிக்குப் பலகையைக் கழற்றினோம். வேகம் அந்த ஆழத்தில் அடங்கியது. படுக்கை அசையவில்லை. பாக்கியக்காவின் வயலில் ஒரு பரப்புப் போனது, மற்றது நிமிர்ந்தது. திட்டத்தில் அப்படி ஒரு பலகை இல்லை. நான் ஏன் அடைத்தேன், எப்போது திறந்தேன் என்று அன்றே எழுதி மேலிடத்துக்கு அனுப்பினேன். கேட்குமுன் பதில் அனுப்புவது சுகமான விசயம் என்று அந்த வயதில்தான் கண்டுபிடித்தேன்.

பிறகு காத்திருந்தோம். பலகை கழற்றிய நாளிலிருந்து எண்ணினேன். ஏழாம் நாள் ஒன்றுமில்லை. பதினோராம் நாள் ஒன்றுமில்லை, தண்ணீர் தேத்தண்ணி நிறம். பதினெட்டாம் நாள் மாஸ்ரர் போன் எடுத்தார்.

“ஐசே, உம்முடைய கிழங்கு நித்திரையோ, அல்லது சீவன் போயிட்டுதோ?”

இருபத்துநாலாம் நாள் காலை ஆறு மணிக்குப் பாக்கியக்கா எடுத்தார். “ஐயா, வாங்கோ” என்றார். வைத்துவிட்டார்.

வழிநெடுக மிக மோசமானதைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். குளக்கட்டில் ஏறினேன். அவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொடையளவு தண்ணீரில் நின்றார். ஒரு கை தண்ணீருக்குள் இருந்தது. உள்ளங்கையின்மேல், செம்பும் பச்சையும் கலந்த நிறத்தில், ஒடுங்கிய ஒரு இலை மிதந்தது.

“முப்பத்தேழு!” என்று கத்தினார். “முப்பத்தேழு இலை, ஐயா!”

“எண்ணினீங்களே?”

“உங்களோடை பழகினால் வேறை என்ன செய்யிறது!”

நான் சப்பாத்தோடு இறங்கினேன். அது என் கொப்பியில் இல்லை. என் மனைவி சொல்லித்தான் நினைவு.

தை மாதக் கடைசி ஞாயிறு, கூட்டம் குளக்கட்டிலேயே நடந்தது. மேற்குக் கரை முழுக்க இலை, இலைக்கு மேல் பூ. பாக்கியக்காவின் சிவத்தப் பசு வேலி விலக்கிய பக்கத்தால் வயிறுவரை இறங்கி, கூட்டத்தைக் கவனியாமல் தின்றுகொண்டு நின்றது. நான் போத்தல் கொண்டுபோகவில்லை. மாஸ்ரர் கொண்டுவந்திருந்தார். என் கையால் எடுத்த தண்ணீரை அவர் நம்பத் தயாரில்லை. தானே இடம் பார்த்து, தானே முக்கி எடுத்து, குளக்கட்டில் ஏறி, அன்றைய பேப்பரை விரித்து எழுத்துக்கு நேரே போத்தலைப் பிடித்தார். எல்லோரும் கிட்ட வந்தார்கள்.

“ஐசே” என்றார் கடைசியில். “மரண அறிவித்தலின்ரை பொடி எழுத்து வரைக்கும் வாசிக்கலாம்.”

கைதட்டலில் பசு ஒருமுறை தலை நிமிர்த்திப் பார்த்தது. தலைவியாகப் பாக்கியக்காவை முன்மொழிந்தவர் மாஸ்ரர். ஓட்டுநரும் தருமலிங்கத்தாரும் வந்திருந்தார்கள்; என் இரண்டாவது கடிதத்தைத் தருமலிங்கத்தார் பிளாஸ்ரிக் உறை போட்டுக் கொண்டுவந்து, கேட்டவருக்கும் கேளாதவருக்கும் காட்டினார். ஓட்டுநர் தண்டு ஒரு பிடி ஒடித்துப் பாக்கியக்காவின் குசினியில் தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைத்தார். முதலில் முகம் சுழித்த மாஸ்ரர்தான் சட்டியை வழித்தவர்.

அந்த வருட ஆவணியில் நான் ஓய்வுபெற்றேன். கடைசி வேலைநாளில் மருதடிக் குளத்துப் படிவத்தைப் புதிதாக ஒருமுறை நிரப்ப அனுமதி கேட்டேன். குளம் வற்றி, வெடித்து, முன்னர் நான் பார்த்த அதே வெறும் தரையாகக் கிடந்தது. மண்வெட்டியால் ஒரு சாண் தோண்டினேன். பிறகு முழங்காலில் படிவத்தை வைத்து எழுதினேன்: ‘நீர்த்தாவரங்கள்: உண்டு. கொட்டி. மாரியில் கண்டது, கோடையில் தோண்டிக் கண்டது.’ கையெழுத்து வைத்தேன். சாட்சியாகப் பாக்கியக்காவிடம் நீட்டினேன்.

அவர் மேலிருந்து கீழே வாசித்தார். பேனையை வாங்கினார். பிறகு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

“ஐயா, திகதி போடேல்லையே?”

பார்த்தேன். உண்மைதான். முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவை.

“நீங்களே போடுங்கோ, அக்கா” என்றேன். அவர் போட்டார்.